இழுப்பதும் நிறுத்துவதும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் இயந்திரவியல் துறை முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

போன மாதம் சங்கச் செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டு, "தம்பி, ஏதாவது புதுசாப் பேசு. மின்சாரக் கார், செயற்கை நுண்ணறிவு, பசங்க அதைத்தான் கேக்கறாங்க" என்றார். "டிரெய்லரைப் பத்திப் பேசறேன் சார்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "எந்தப் படத்தோட டிரெய்லர்?" என்று கேட்டார்.

நான் சொல்வது அந்த டிரெய்லர் இல்லை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலோரச் சாலையில், ஒன்றின் வாலை ஒன்று பிடித்தபடி நிற்குமே, கன்டெய்னர் ஏற்றின நீள வண்டி, அது. வடசென்னைப் பிள்ளைகளுக்கு அதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பள்ளிக்கூடம் போகும்போது ரோட்டைக் கடக்க விடாமல் செய்ததே அதுதான். நான் திருவொற்றியூர் தேரடிப் பக்கம் வளர்ந்தவன். என் அப்பா துறைமுகத்து டிரெய்லர் ஓட்டுநர். 1984-ல் கிளீனராக ஏறி, 1988-ல், நான் பிறந்த வருஷம், ஸ்டியரிங் பிடித்தார். நம் நாட்டின் முதல் கன்டெய்னர் முனையம் சென்னைத் துறைமுகத்தில் திறக்கப்பட்டது 1983-ல். அதாவது அந்தத் தொழில் இங்கே பிறந்த மறு வருஷமே அப்பா அதில் சேர்ந்துவிட்டார்.

கன்டெய்னரைக் கப்பல்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை என்பது பலருக்குத் தெரியாது. மால்கம் மெக்லீன் என்கிற அமெரிக்க லாரி முதலாளிதான் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். சரக்கை லாரியிலிருந்து ஒவ்வொரு மூட்டையாக இறக்கிக் கப்பலில் ஏற்றுவானேன், லாரியின் பெட்டியையே தூக்கி வைத்தால் என்ன என்று யோசித்தார். 1956 ஏப்ரலில் அவருடைய 'ஐடியல் எக்ஸ்' கப்பல் 58 பெட்டிகளோடு நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் போயிற்று. லாரிக்காரர் புத்தியில் பிறந்த பெட்டி என்பதால்தான் அது லாரிக்கு அவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது.

இப்போது இந்த டிரெய்லர் எப்படி நிற்கிறது என்று ஒரு நிமிஷம் பார்த்துவிடுவோம். மாணவர்களுக்குப் பின்னால் உபயோகப்படும். முன்னால் இருப்பது டிராக்டர். வயலில் உழுகிற டிராக்டர் இல்லை, இழுக்கிற தலை. அதன் பின் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால், மேலே கிரீஸ் பூசின ஒரு வட்டத் தட்டு இருக்கும். அதற்கு ஃபிஃப்த் வீல் என்று பெயர். குதிரை வண்டிக் காலத்துப் பெயர். ஐந்தாவது சக்கரம் எங்கே என்று யாரும் தேட வேண்டாம். டிரெய்லரின் முன்பக்கம் அடியில் கிங் பின் என்று ஒரு தடித்த இரும்பு முளை தொங்கும். டிராக்டர் ரிவர்ஸில் போய் அந்த முளையைக் கவ்விக்கொள்ளும். டிரெய்லரின் முன்பக்க பாரம் முழுவதும் அந்தத் தட்டின் மேல் உட்காரும். அந்த இடம் பின் அச்சுக்கு முன்னால் இருக்கிறதே, அதுதான் விஷயம். அதனால்தான் பாரத்தில் ஒரு பங்கு டிராக்டரின் முன் சக்கரத்துக்கும் போகிறது, ஸ்டியரிங் கையில் நிற்கிறது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் ஞாபகம் வைத்துக்கொள்ளாமல் பட்ட அவஸ்தையைக் கடைசியில் சொல்கிறேன்.

அடுத்து ஒரு கணக்கு. அமெரிக்காவில் 'அரை டன் பிக்கப்' என்று ஒரு ரக வண்டி உண்டு. முன்னால் குடும்பம் உட்காரும், பின்னால் திறந்த தொட்டி. அரை டன் என்பது பழைய பேச்சு. ஒரு காலத்தில் அது ஆயிரம் பவுண்டு, அதாவது சுமார் 450 கிலோ ஏற்றும் வண்டி. இன்று அதைவிட அதிகம் ஏற்றுகிறது, பெயர் மட்டும் மாறவில்லை. நம் ஊரில் படி அளக்காத கடைக்குக்கூடப் 'படி அரிசிக் கடை' என்று பெயர் இருப்பது போல. 2011 மாடலில் ஃபோர்டு கம்பெனி தன் எஃப்-150 பிக்கப்பில் மூன்றரை லிட்டர் பெட்ரோல் எஞ்சினுக்கு இரண்டு டர்போ மாட்டி விட்டது. 365 குதிரைத்திறன். இழுக்கக்கூடிய அதிகபட்சம் 11,300 பவுண்டு, சுமார் 5 டன்.

எங்கள் அப்பா முதலில் ஓட்டிய லேலண்டு டிராக்டருக்கு எஞ்சின் ஆறு லிட்டர் சொச்சம். டர்போ கிடையாது. நூற்றுச் சொச்சம் குதிரைத்திறன். அது முப்பது டன்னுக்கு மேல் இழுத்தது.

குடும்ப வண்டிக்கு 365, துறைமுக வண்டிக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு. முதலாவது இழுப்பது 5 டன், இரண்டாவது இழுப்பது 30 டன். நான் படிக்கும்போது இந்த இரண்டு எண்ணையும் யாராவது கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டியிருந்தால், எவ்வளவு எடை இழுக்கலாம் என்பதைக் குதிரைத்திறன் முடிவு செய்வதில்லை என்று அன்றைக்கே புரிந்திருக்கும். எவ்வளவு வேகமாக இழுக்கலாம் என்பதைத்தான் அது முடிவு செய்கிறது. எடையை முடிவு செய்வது சட்டம், அச்சு, டயர், கியர் விகிதம், எல்லாவற்றுக்கும் மேலாக பிரேக்.

டர்போவைக் குறை சொல்ல வரவில்லை. அழகான யோசனை அது. வீணாகப் போகிற புகையைக் கொண்டு ஒரு சிறிய சக்கரத்தைச் சுற்ற வைக்கிறோம், நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. காற்று அதிகம், அதனால் எரிபொருளும் அதிகம் எரிக்கலாம். ஆல்ஃபிரட் பூச்சி என்கிற சுவிஸ் எஞ்சினியர் இதற்கு 1905-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். நம் ஊர் லாரிக்கு அது பரவலாக வந்து சேர இன்னொரு தொண்ணூறு வருஷம் பிடித்தது. 2000-ல் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் நாடு முழுவதும் வந்து, பிறகு அவை படிப்படியாக இறுகியபோது, கனரக வண்டியில் டர்போ இல்லாமல் காலம் தள்ள முடியாது என்று ஆகிவிட்டது. புகை குறைந்தது, டீசல் மிச்சமானது. பெங்களூருக்கு மேடு ஏறும்போது பழைய எஞ்சின் மூச்சு வாங்கும். டர்போ அந்தக் குறையையும் தீர்த்தது. இன்று அதே ஆறு லிட்டர் சொச்சம் எஞ்சின் 250 குதிரைத்திறன் தருகிறது.

இதில் அப்பாவுக்கு ஒரு வருத்தம் இருந்தது. மணலி போகிற வழியில் ஒரு பாலத்து ஏற்றம் உண்டு. பழைய வண்டியில் அந்த ஏற்றம்தான் அவருக்கு எடைமேடை. "ரெண்டாவது கியர்ல ஏறிச்சுன்னா லோடு சரி. ஃபர்ஸ்ட் போட்டாத்தான் ஏறுதுன்னா சீட்டுல எழுதியிருக்கறது பொய்" என்பார். கிரானைட் பெட்டியில் எடையைக் குறைத்து எழுதிக் கொடுத்திருந்தால், அந்தப் பாலத்தில் எஞ்சின் காட்டிக் கொடுத்துவிடும். கரும்புகை கக்கும், ரேடியேட்டர் கொதிக்கும், நின்றே போகும். அப்பா இறங்கி முதலாளிக்குப் போன் செய்வார். "வண்டி மாட்டேங்குது." முதலாளியால் மனுஷனோடு வாதாட முடியும், வண்டியோடு வாதாட முடியாது.

டர்போ வண்டி வந்தது. சரியான லோடும் மூன்றாவது கியரில் ஏறியது, தப்பான லோடும் மூன்றாவது கியரில் ஏறியது. "இது எதுக்கும் மாட்டேன்னு சொல்லாதுடா. இனிமே நான்தான் சொல்லணும். நான் சொன்னா எவன் கேப்பான்?" என்றார். அப்போது எனக்குப் பதினான்கு வயசு இருக்கும். புது வண்டியில் பாட்டுப் பெட்டி இருக்கிறதா என்பதுதான் என் கவலை.

துறைமுகச் சாலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் அதில் மாட்டிக்கொண்டுதான் காலையில் வந்திருப்பீர்கள். சென்னைத் துறைமுகத்தின் கன்டெய்னர் வண்டிகள் வடக்கே ஜீரோ கேட் வழியாக, காசிமேட்டைத் தாண்டி, எண்ணூர் நெடுஞ்சாலையில் வந்துதான் மணலி, மாதவரம் பக்கத்துச் சரக்கு நிலையங்களுக்குப் போக வேண்டும். அந்தச் சாலைகளை அகலப்படுத்தும் எண்ணூர்–மணலி சாலைத் திட்டம் வருஷக்கணக்கில் இழுத்தது. 2010-ஐ ஒட்டிய வருஷங்களில் கேட்டுக்கு வெளியே வண்டிகள் நாள் கணக்கில் நின்றன. அப்பா டிரெய்லருக்கு அடியிலேயே பாய் விரித்துத் தூங்குவார். அம்மா அடுக்குப் பாத்திரத்தில் சோறு கட்டி என்னிடம் கொடுத்து அனுப்புவாள்; நான் சைக்கிளில் வரிசையோரமாகவே போய், வண்டி நம்பரைப் பார்த்துப் பார்த்துத் தேடிக் கொடுத்துவிட்டு வருவேன். கல்லூரியில் படித்த நாட்களிலும் இது உண்டு.

ஆனால் சம்பளம் நாளுக்கு இல்லை, ட்ரிப்புக்கு. இரண்டு நாள் கேட்டில் நின்றவன் வெளியே வந்ததும் என்ன செய்வான்? விட்ட நேரத்தைச் சாலையில் பிடிப்பான். பழைய வண்டியில் அவனால் பிடிக்க முடியாது, எஞ்சின் விடாது. புது வண்டியில் முடியும். 40-ல் போன வண்டி 60-ல் போக ஆரம்பித்தது. வேகம் ஒன்றரை மடங்கு. நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய சக்தி இரண்டேகால் மடங்கு. இது பிளஸ் டூ பாடம். எடைக்கும் பிறகு மேடு தட்டினார்கள்: 2018-ல் மத்திய அரசு அச்சு பார வரம்பை உயர்த்தியபோது மிகப் பெரிய டிரெய்லர் வண்டிகளின் மொத்த எடை 49 டன்னிலிருந்து 55 டன் ஆயிற்று. ஏற்றத்தில் டர்போ கை கொடுக்கும். இறக்கத்தில் டர்போ ஊமை. அங்கே டிரம்மும் லைனிங்கும்தான்.

இனி என் சொந்தக் கதை. இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று நேற்று இரவு வரை யோசித்தேன்.

2009-ல் இங்கிருந்து வெளியே போனதும் ஒரு போக்குவரத்துக் கம்பெனியில் பராமரிப்பு எஞ்சினியராகச் சேர்ந்தேன். கம்பெனி பெயர் வேண்டாம். நாற்பது வண்டி. அப்போதுதான் டர்போ டிராக்டர்களாகப் புதுசாக வாங்கியிருந்தார்கள். டிரெய்லர்கள் பழசு, சிலது பன்னிரண்டு வருஷத்துப் பழசு. காசு போட்டவர்கள் எல்லோரும் செய்வதுதான் இது. இழுக்கிற தலைக்குப் பணம் போடுவார்கள், இழுபடுகிற வாலுக்குப் போட மாட்டார்கள். தலைக்குத்தானே விளம்பரம்! நான் டீசல் கணக்கு எழுதினேன். ட்ரிப் நேரம் குறைந்ததைப் படம் வரைந்து காட்டினேன். மேலே பாராட்டினார்கள்.

2011 ஐப்பசி. ஒரு செவ்வாய்க்கிழமை ஓட்டுநர் ஒருவர் என் மேஜைக்கு வந்து, "பின்னாடி பிடிக்கல சார். தள்ளுது" என்றார். நான் பதிவேட்டைப் பார்த்தேன். டிராக்டருக்கு மூன்று மாதத்துக்கு முன்தான் முழுச் சோதனை. கேபினுக்குள் ஏறிக் காற்றழுத்த மானியைப் பார்த்தேன். முழு அழுத்தம். "காத்து சரியா இருக்கே அண்ணே. சனிக்கிழமை ஷெட்டுக்குள்ள விடுங்க, பாத்துடலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பாடப் புத்தகத்தில் நான் பார்க்கவில்லை. காற்று பிரேக்கில் மானி காட்டுவது தொட்டியில் இருக்கும் காற்றைத்தான். லைனிங் தேய்ந்து, ஸ்லாக் அட்ஜஸ்டர் தளர்ந்து, தள்ளுதண்டு முழு நீளம் வெளியே வந்தும் டிரம்மைத் தொடாமல் நின்றாலும், மானி முழு அழுத்தம்தான் காட்டும். டிரெய்லர் பிடிக்கவில்லை என்று சொல்லக்கூடிய கருவி அந்தக் கேபினில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது: ஓட்டுநரின் இடுப்பு. அவர் அதைத்தான் வந்து சொன்னார். நான் மானியை நம்பினேன்.

வியாழக்கிழமை ராத்திரி மழை. முன்னால் ஒரு ஆட்டோ திரும்ப, அவர் பிரேக் அடித்தார். டிராக்டர் நின்றது, டிரெய்லர் நிற்கவில்லை. பின்னால் இருந்து இருபது டன் தள்ள, டிராக்டர் பேனாக் கத்தி மடங்குவது மாதிரி மடங்கிக் கேபின் பெட்டியில் மோதியது. ஆட்டோவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓட்டுநருக்குச் சிராய்ப்பு. இடது பக்கம் உட்கார்ந்திருந்த கிளீனர் பையனுக்குக் கை முழங்கையோடு நொறுங்கிவிட்டது. பத்தொன்பது வயசு. அந்தக் கை பிறகு மடங்கவே இல்லை.

வழக்கு ஓட்டுநர் மேல். அஜாக்கிரதையாக ஓட்டினார் என்று. என் கையெழுத்துப் போட்ட தாளை யாரும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் நானே அதைக் கொண்டுபோய் மேலதிகாரியிடம் கொடுத்தேன். "இதெல்லாம் எதுக்குய்யா இப்ப?" என்று இழுப்பறைக்குள் போட்டார். வக்கீலிடம் ஒரு நகல் கொடுத்தேன். வழக்கு இழுத்து, கடைசியில் ஓட்டுநருக்கு அபராதத்தோடு முடிந்தது. அந்தத் தாள் உதவியதா இல்லையா என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் அடுத்த வருஷம் அந்த வேலையை விட்டேன்.

வீட்டில் அப்பாவிடம் சொன்னபோது அவர் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஒரே கேள்விதான் கேட்டார். "என்னைக்குப் பாக்கலாம்னு எழுதினே?" "சனிக்கிழமை." சாப்பிட்டு முடிக்கும் வரை பேசவில்லை. கை கழுவிவிட்டு வந்து, "பின்னாடி இருக்கறத முதல்ல நிறுத்தணும்டா. முன்னாடி இருக்கறது தானா நிக்கும்" என்றார். அவர் காலத்து டிராக்டரில் டிரெய்லர் பிரேக்குக்குத் தனியாக ஒரு கைப்பிடி வால்வு உண்டு. மழை நாளில் முதலில் அதைத் தொட்டுவிட்டு, பிறகுதான் கால் பிரேக்குக்குப் போவார். பின்னால் இருப்பது பிடித்து இழுத்தால் வண்டி நூல் பிடித்த மாதிரி நேராக நிற்கும்.

அமெரிக்காவுக்கு வருகிறேன். 2017-ல் வேலை விஷயமாக ஒரு வருஷம் டெட்ராய்ட் பக்கம் இருந்தேன். அங்கே கல்லூரி நண்பன் ஒருவன். பெயர் சொன்னால் பின்வரிசையிலிருந்து விசில் வரும், அதனால் வேண்டாம். அவன் புதுசாக டர்போ பிக்கப் வாங்கியிருந்தான், நான் சொன்ன அந்த அரை டன் ரகம். கோடை விடுமுறைக்கு ஒரு வீட்டு டிரெய்லரை வாடகைக்கு எடுத்தான். சினிமா ஷூட்டிங்கில் நிற்கிற கேரவன் மாதிரி தானே ஓடுவது இல்லை. இருபத்தாறு அடி நீளத்தில் சக்கரம் வைத்த வீடு. கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளே. பிக்கப்பின் வாலில் ஒரு இரும்புக் குண்டு இருக்கும்; டிரெய்லரின் நாக்கை அதன் மேல் கவிழ்த்து மாட்டி இழுத்துக்கொண்டு போக வேண்டியது. சாதாரண கார் லைசென்ஸே போதும்! நம் ஊரில் டிரெய்லர் லைசென்ஸ் வாங்க அப்பா பட்ட பாடு எனக்குத் தெரியும்.

புறப்படுகிற காலையில், பழக்க தோஷம், நான் வண்டியைச் சுற்றி வந்தேன். பிக்கப்பின் பின்பக்கம் தணிந்து, முன்பக்கம் வானத்தைப் பார்த்தது. அங்கெல்லாம் ஓட்டுநர் கதவு நிலையில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும்: ஆட்களும் சாமானும் சேர்ந்து இதற்கு மேல் கூடாது என்று. அந்த வண்டிக்குச் சுமார் 700 கிலோ. நாங்கள் பெரியவர்கள் ஐந்து பேர், 370 கிலோ. தொட்டியில் ஜெனரேட்டர், சைக்கிள், ஐஸ் பெட்டி, 110. மாட்டும் கொக்கி 40. மிச்சம் 180 கிலோ. டிரெய்லர் சாமானோடு 2,900 கிலோ. அதன் நாக்கு பிக்கப்பின் மேல் உட்கார்த்துகிற பாரம், நூற்றுக்குப் பன்னிரண்டு என்று வைத்தால் 348 கிலோ. அதாவது இழுக்கும் சக்தியில் பாதிக்குச் சற்று மேல்தான் உபயோகப்படுத்துகிறோம், ஆனால் தாங்கும் சக்தி ஏற்கெனவே 168 கிலோ தாண்டிவிட்டது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவது முதலாவது எண். கதவு நிலையில் பொடி எழுத்தில் இருப்பது இரண்டாவது.

இதைச் சொன்னேன். "டேய், 365 குதிரைடா" என்றான் நண்பன்.

சரி, பின்பக்கத் தணிவையாவது குறைப்போம் என்று நான் ஒரு யோசனை சொன்னேன். டிரெய்லருக்குள் முன்பக்கம் இருந்த தண்ணீர்க் கேன்கள், அரிசி மூட்டை, கிரைண்டர் (ஆமாம், கிரைண்டர், மாவரைக்காமல் அவன் மனைவி எங்கும் புறப்பட மாட்டாள்) எல்லாவற்றையும் டிரெய்லரின் கடைசிக்கு மாற்றினோம். நாக்கு பாரம் குறைந்தது. பிக்கப் நிமிர்ந்தது. எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். நானும் ஏற்றுக்கொண்டேன்.

எனக்குத் தெரிந்தது ஃபிஃப்த் வீல் டிரெய்லர். அதில் முளை பின் அச்சுக்கு முன்னால் இருக்கிறது என்று தொடக்கத்தில் சொன்னேனே, நினைவிருக்கிறதா? பிக்கப்பில் குண்டு பின் அச்சுக்கு நாலடி பின்னால், வாலில் இருக்கிறது. அது வேறு ஜாதி வண்டி. அதில் நாக்கு பாரம் பத்து சதவீதத்துக்குக் கீழே போனால், பின்பக்கம் கனத்த டிரெய்லர் நாய் வாலாட்டுவது போல ஆட ஆரம்பிக்கும். வேகம் கூடக் கூட ஆட்டமும் கூடும். நான் ஒரு தப்பைச் சரிசெய்ய, அதைவிடப் பெரிய தப்பைச் செய்துவைத்திருந்தேன், துறைமுகத்து அனுபவத்தோடு!

ஐ-75 நெடுஞ்சாலையில் வடக்கே போய்க்கொண்டிருந்தோம். எஞ்சின் சத்தமே இல்லாமல் மணிக்கு 110 கிலோமீட்டர். பெரிய லாரி ஒன்று எங்களைத் தாண்டியது. அதன் காற்று டிரெய்லரைத் தள்ளிவிட்டு, பிறகு இழுத்தது. ஒரு ஆட்டம். இரண்டாவது அதைவிடப் பெரிசு. மூன்றாவதில் டிரெய்லரின் வால் பக்கத்து வரிசைக்கே போய்விட்டு வந்தது. பின் சீட்டில் குழந்தை மாதிரி ஒருவர் கத்தினார், அது நான்தான் என்று பிறகு சொன்னார்கள். நண்பன் கால் பிரேக்கை மிதிக்கப் போனான். "மிதிக்காதே! கையால பிடி! பின்னாடி முதல்ல!" என்று தமிழில் அலறினேன். அந்த வண்டிகளில் டிரெய்லருக்கு மின்சார பிரேக். அதைத் தனியாக இயக்க டாஷ்போர்டில் ஒரு சிறிய நெம்பு உண்டு. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு அதை அழுத்தினான். டிரெய்லர் பின்னால் பிடித்து இழுத்தது. இரண்டு ஆட்டம் ஆடி, நேரானது.

அடுத்த ஓய்விடத்தில் நிறுத்தி அரை மணி நேரம் யாரும் பேசவில்லை. பிறகு கேன்களும் கிரைண்டரும் பழைய இடத்துக்கே, முன்பக்கத்துக்குத் திரும்பின. தொட்டி காலி செய்யப்பட்டது. நானும் இன்னொருவரும் பக்கத்து ஊரில் ஒரு வாடகைக் கார் எடுத்து, ஜெனரேட்டரையும் சைக்கிளையும் அதில் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனோம். கணக்குப் பார்த்தால் இப்போது 700-ல் நாக்கு பாரத்துக்கு 440 கிலோ இடம் கிடைத்தது, தேவை 348. மணிக்கு 90-க்கு மேல் போகவில்லை. விடுமுறை நன்றாகவே இருந்தது. தோசையும் நன்றாக இருந்தது.

அன்று இரவு அப்பாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். எத்தனை குதிரைத்திறன் என்று அவர் கேட்கவில்லை. "யார்ரா லோடு மாத்தச் சொன்னது?" என்று கேட்டார்.

இப்போது நான் மீஞ்சூர் பக்கம் டிரெய்லர் பராமரிப்புக்கென்று ஒரு சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். தலைக்கு இல்லை, வாலுக்கு. லைனிங், ஸ்லாக் அட்ஜஸ்டர், கிங் பின் தேய்மானம், கன்டெய்னர் லாக், இதுதான் வேலை. வருகிற ஒவ்வொரு ஓட்டுநரிடமும் முதலில் கேட்டு, அவர் சொன்ன வார்த்தையை அப்படியே பதிவேட்டில் எழுதச் சொல்லியிருக்கிறேன். 'தள்ளுது', 'லேசா இழுக்குது', 'மழைல பயமா இருக்கு' என்றெல்லாம் இருக்கும். ஆய்வுக்கு வந்த ஒருவர் இது என்ன எஞ்சினியரிங் மொழி என்று கேட்டார். அந்தப் பதிவேட்டை எழுதிப் பராமரிப்பவர் அந்தக் கிளீனர் பையன்தான். இடது கையால் எழுதுகிறார். கையெழுத்து என்னுடையதைவிட நன்றாக இருக்கும்.

நேரம் ஆகிவிட்டது என்று செயலாளர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். மெக்கானிக்கல் மாணவர்களுக்கு ஒரு அறிவிப்போடு முடிக்கிறேன். நாளைக் காலை ஒன்பதரை மணிக்கு நம் பட்டறைக்கு வாருங்கள். கழித்துப் போட்ட ஃபிஃப்த் வீல் ஒன்றும், ஒரு டிரெய்லர் அச்சும், இரண்டு பக்க பிரேக்கோடு கொண்டுவந்து இறக்கியிருக்கிறேன். இனி அது கல்லூரிக்குத்தான். ஒரு பக்கம் சரியாக இருக்கிறது, மறுபக்கம் தளர்த்தி வைத்திருக்கிறேன். மானி இரண்டுக்கும் ஒரே அழுத்தம் காட்டும். எது எது என்று கண்டுபிடியுங்கள். அப்பாவும் வருகிறார். கேள்விகளை அவரிடம் கேளுங்கள். கொஞ்சம் சத்தமாகக் கேட்க வேண்டும். எஞ்சினுக்குப் பக்கத்திலேயே முப்பது வருஷம் உட்கார்ந்ததில் காது மந்தம்.